பாலம் கட்டிய வணிகர்

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் காஞ்சிபுரம் பங்கு மக்களோடு புனித தோமையார் மலைக்குத் திருப்பயணம் போவது வழக்கம். சிலுவைப்பாதை செபித்துக்கொண்டே படியேறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்களோடு வந்த முதியவர் ஒருவர், வாழ்நாள் முழுவதும் பட்டுத் தறியில் அமர்ந்தவர், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே ஏறினார். பாதி வழியில் மூச்சு வாங்கியது, எண்ணிக்கையும் தவறிப்போனது. அப்படியே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு கல்லையும் இங்கே கொண்டுவந்து பதித்தது யார் சாமி, அரசாங்கமா, அந்தக் காலத்துச் சாமியார்களா என்று என்னைக் கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. குருமடத்தில் இறையியல் படித்த நாட்களிலிருந்து எத்தனையோ முறை ஏறிய படிகள் அவை. மலையுச்சியில் உள்ள ஆலயத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டியது, 1547-இல் கற்சிலுவை கண்டெடுக்கப்பட்டது என்றெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த உச்சிக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் படிகளைப் பற்றி நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஊருக்குத் திரும்பியபின் தேடிப் படித்தேன். அந்தப் படிகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்வு இருந்தது. கடலும் கப்பலும், தங்கமும் வெள்ளியும் நிறைந்த வாழ்வு அது. கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்ற அந்த ஆர்மீனியக் கத்தோலிக்க வணிகரைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஜூல்பாவிலிருந்து மணிலா வரை

உஸ்கான் பிறந்தது 1680-ஆம் ஆண்டளவில், பாரசீகத்தில் இஸ்பஹான் நகரை ஒட்டிய ஜூல்பா என்ற ஊரில். அந்த ஊரே ஓர் அகதிகள் குடியிருப்பு என்று சொல்லலாம். 1604, 1605-ஆம் ஆண்டுகளில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், எல்லைப்புறத்தில் இருந்த பழைய ஜூல்பாவின் ஆர்மீனியர்களை வீடு வாசலோடு கிளப்பி, தம் தலைநகருக்கு அருகே கொண்டுவந்து குடியமர்த்தினார். சொந்த மண்ணை இழந்த அந்த மக்கள் வணிகத்தையே தங்கள் மண்ணாக்கிக்கொண்டார்கள். ஜூல்பாவில் ஒரு சகோதரன், வெனிசில் ஒருவன், சூரத்தில் ஒருவன், மணிலாவில் ஒருவன் என்று குடும்பங்கள் பிரிந்து வாழ்ந்தன. அவர்களை இணைத்தவை கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும். ஒருவன் வாக்குத் தவறினால் அந்தச் செய்தி ஜூல்பாவுக்குப் போய்ச் சேரும். அதன்பின் அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்ய யாரும் துணிய மாட்டார்கள். நாணயம் என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது நம் தமிழில் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்.

ஆர்மீனியர்களில் பெரும்பாலோர் தங்கள் பழம்பெரும் தேசியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். உரோமையோடு ஒன்றித்திருந்தவர்கள் சிலரே. உஸ்கான் அந்தச் சிலரில் ஒருவர். 1688-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மீனியர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தன் துறைமுகங்களில் அவர்கள் குடியிருக்கவும் வணிகம் செய்யவும் வழிவிட்டது. சென்னையில் அவர்கள் வாழ்ந்த தெருவுக்கு ஆர்மீனியன் தெரு என்று பெயர். நம் மக்களின் வாயில் அது அரண்மனைக்காரன் தெரு ஆயிற்று. அங்கே உள்ள தூய அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் போகும் நம்மில் பலருக்கு, இல்லாத அரண்மனை எப்படிப் பெயரில் வந்தது என்பது தெரியாது.

மணிலாவில் வணிகம் செய்து தேர்ந்த உஸ்கான், 1720-களில் சென்னையை நிலையான இருப்பிடமாக்கிக்கொண்டார். இங்கிருந்து மணிலாவுக்குத் துணியை அனுப்புவதும் அங்கிருந்து வெள்ளியைக் கொண்டுவருவதும் அவருடைய தொழில். இது சாதாரணத் தொழில் அல்ல. அன்றைய உலகின் இரண்டு கரைகளை இணைத்த தொழில்.

கடல் கடந்து வந்த வெள்ளி

அக்காலத்தில் மெக்சிகோவிலும் பெருவிலும் இருந்த சுரங்கங்களிலிருந்து ஏராளமான வெள்ளி வெளிவந்தது. அந்த நாட்டுப் பழங்குடி மக்கள் கட்டாய வேலையில் வாட்டப்பட்டு வெட்டியெடுத்த வெள்ளி அது. அதை ஸ்பானியர்கள் நாணயமாக அடித்தார்கள். ஆண்டுதோறும் மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் ஒன்று அந்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு பசிபிக் பெருங்கடலைக் கடந்து மணிலாவுக்கு வரும். 1565 முதல் 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு காலம் இந்தப் பயணம் நடந்தது. மணிலாவில் சீனத்துப் பட்டும் பீங்கானும் நம் சோழமண்டலக் கரையின் துணியும் காத்திருக்கும். துணி அங்கிருந்து மெக்சிகோ போகும், வெள்ளி இங்கே வரும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கிலேயர் மணிலாவில் வணிகம் செய்ய ஸ்பானிய அரசு அனுமதிக்கவில்லை. ஆசிய வணிகர்களுக்குத் தடை இல்லை. ஆர்மீனியர்கள் ஆசியர்கள், அதிலும் உஸ்கானைப் போன்றவர்கள் கத்தோலிக்கர்கள். ஆகவே சென்னையின் ஆங்கிலேயர்கள் தங்கள் முதலீட்டை ஆர்மீனியர்களின் பெயரில் அனுப்பினார்கள். கப்பலின் உரிமையாளர் ஆர்மீனியர் என்று ஏடுகளில் இருக்கும், உள்ளே இருக்கும் சரக்கில் பெரும்பங்கு கோட்டையில் உள்ள வெள்ளைக்கார அதிகாரிகளுடையதாக இருக்கும். மணிலாவில் இருந்த அதிகாரிகளுக்கும் இது தெரியாததல்ல. எல்லாருக்கும் தெரிந்த இரகசியத்தின் மேல் ஒரு பெரிய வணிகமே நடந்தது. உஸ்கானும் இந்த உலகத்து மனிதர்தான். அவரைப் புனிதராகக் காட்டுவது என் நோக்கம் அல்ல.

பயணத்தின் காலத்தைக் காற்று தீர்மானித்தது. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, மலாக்கா நீரிணை வழியாகக் கிழக்கே போகும். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவக்காற்றோடு திரும்பும். இடையில் பல மாதங்கள் எந்தச் செய்தியும் வராது. வணிகர்கள் கடல்கடன் என்ற முறையில் பணம் திரட்டுவார்கள். கப்பல் நல்லபடியாகத் திரும்பினால் அதிக வட்டியோடு கடன் தீரும். கப்பல் மூழ்கினால் கடனும் அதோடு மூழ்கும், யாரும் திருப்பிக் கேட்க முடியாது. 

சென்னைக்கோ அப்போது துறைமுகமே கிடையாது. திறந்த கடலில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். அந்தப் படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது படகு வளைந்துகொடுக்கும், உடையாது. பெருங்கடல்களைக் கடந்து வந்த வெள்ளிப் பெட்டியின் கடைசிச் சில நூறு அடிகள் நம் மீனவர்களின் கையில் இருந்தன. உஸ்கானின் செல்வம் முழுவதும் அந்தத் துடுப்புகளைக் கடந்தே வந்தது.

வராகன், பணம், காசு

கரைக்கு வந்த வெள்ளியை அப்படியே செலவழிக்க முடியாது. தென்னாட்டில் பெரிய கணக்குகள் தங்கத்தில்தான் நடந்தன. வராகன் என்பது தங்க நாணயம், ஏறக்குறைய மூன்றரை கிராம் எடை. அதற்குக் கீழே பணம், அதற்கும் கீழே செப்புக் காசு. சென்னையில் அப்போது 80 காசு ஒரு பணம், 36 பணம் ஒரு வராகன். பின்னாளில் 42 பணம் ஒரு வராகன் என்று மாறியது. நவாபின் ஆட்சியில் வரி வசூலுக்கும் படைச்சம்பளத்துக்கும் ஆற்காட்டு ரூபாய் என்ற வெள்ளி நாணயம் வேண்டியிருந்தது. ஏறக்குறைய மூன்றரை ரூபாய் ஒரு வராகனுக்கு ஈடு. ஆனால் இந்த விலை நிலையாக நிற்கவில்லை. மணிலாவிலிருந்து கப்பல் வந்தால் வெள்ளி மலியும், வரத் தவறினால் ஏறும். கம்பெனி தன் நாணயச்சாலையில் வெள்ளியை உருக்கி நாணயம் அடித்தது. 1742-இல் ஆற்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையையும் பெற்று, சிந்தாதிரிப்பேட்டையில் அதற்கென ஒரு நாணயச்சாலை வைத்தது.

இந்த நாணயங்களை மாற்றித் தருபவர்கள் காசுக்கடைக்காரர்கள். அவர்கள் நாணயத்தைக் கல்லில் தட்டி, ஓசை கேட்டு, எடை பார்த்து, தங்களுக்கு உரிய வட்டத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். வராகனில் கணக்கு வைத்த பெரிய வணிகருக்கு இந்த வட்டம் ஒரு சிறு கழிவு. காசில் கூலி வாங்கிய ஏழைக்கு அது ஒருவேளைச் சோறு.

தறியில் தொடங்கிய கணக்கு

உஸ்கான் யார் என்பதை அந்த முதியவரிடம் பிறகு சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இன்னொரு கேள்வி வைத்தார். கப்பலில் போன துணியை நெய்தவனுக்கு என்ன கிடைத்தது சாமி என்றார். ஒரு நெசவாளி கேட்கவேண்டிய கேள்விதான் அது.

மணிலாவுக்குப் போனது பட்டு அல்ல, பருத்தித் துணி. காஞ்சிபுரம் உட்பட சென்னையைச் சுற்றியிருந்த நெசவு ஊர்களிலிருந்து நீளத்துணியும் மெல்லிய துணியும் வண்ணத்துணியும் கடற்கரைக்குப் போயின. துணியின் தேவை எவ்வளவு பெருகியது என்றால், கம்பெனி 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே சின்னத்தறிப்பேட்டையை உருவாக்கியது. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அதுதான்.

நெசவாளிக்கு முன்பணம் கொடுக்கப்படும். அவர் அதைக்கொண்டு நூல் வாங்கவேண்டும், தறி பூட்டவேண்டும், துணி முடியும்வரை குடும்பத்தையும் நடத்தவேண்டும். முன்பணத்தைக் கொடுப்பவர் உஸ்கான் அல்ல. அவரிடமிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து தரகருக்கும், தரகரிடமிருந்து ஊர் முகவருக்கும் பணம் கைமாறும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நெசவாளியின் கைக்கு வரும்போது அது சில்லறைக் காசாகியிருக்கும். மழை பொய்த்து அரிசி விலை ஏறினால் முன்பணம் நூலாவதற்குமுன் சோறாகிவிடும். துணி வராவிட்டால் அவர் கடனாளி. அடுத்த துணியையும் அதே முகவருக்குத்தான் நெய்யவேண்டும்.

இதைச் சொன்னபோது முதியவர் சிரித்தார். அவருடைய வாழ்வும் அப்படித்தான் போயிற்று. முதலாளியிடம் முன்பணம், முன்பணத்துக்காக நெசவு, நெசவு முடிந்ததும் கழிவு. இன்று காஞ்சிப் பட்டின் சரிகை சூரத்திலிருந்து வருகிறது. எங்கோ வெள்ளி விலை ஏறினால் இங்கே சேலை விலை ஏறுகிறது. சேலை விற்காமல் தேங்கினால் தறி ஓய்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் காஞ்சிபுரத்து அடுப்பில் உலை ஏறுமா என்பதில் வெள்ளிக்கு ஒரு பங்கு இருக்கிறது.

ஆகவே அன்பார்ந்தவர்களே, உஸ்கானின் செல்வத்தை நாம் போற்றும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அதன் ஒரு முனையில் மெக்சிகோவின் சுரங்கத் தொழிலாளி இருக்கிறார், மறுமுனையில் நம் ஊர் நெசவாளி இருக்கிறார். இருவர் முகத்தையும் காணாமலே ஒரு மனிதர் பெருஞ்செல்வர் ஆக முடிந்தது. நம்மில் கடை வைத்திருப்பவர்களும், வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும், ஏன், மலிவாக ஒரு சட்டை வாங்கி மகிழ்பவர்களும் இதில் சேர்ந்தவர்கள்தான்.

ஆற்றின் குறுக்கே

அப்படியானால் உஸ்கானை நான் ஏன் நினைக்கிறேன்? சேர்த்ததை அவர் என்ன செய்தார் என்பதற்காக.

கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் வழியில் அடையாறு குறுக்கிட்டது. அதன்மேல் பாலம் இல்லை. கோடையில் இறங்கி நடக்கலாம். மழைக்காலத்தில் அந்த ஆறு எப்படி மாறும் என்பது செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். மலையின் அன்னையைத் தேடி வந்த திருப்பயணிகளும், சந்தைக்குப் பொருள் சுமந்து வந்த உழவர்களும், தெற்கேயிருந்து வந்த வணிகர்களும் கரையில் நின்று தண்ணீர் வடியக் காத்திருந்தார்கள்.

1726-இல் உஸ்கான் தம் சொந்தப் பணத்தில் 30,000 வராகன் செலவிட்டு, சைதாப்பேட்டையில் அந்த ஆற்றின் குறுக்கே கல்பாலம் கட்டினார். அடையாற்றின் முதல் பாலம் அது. 30,000 வராகன் என்றால் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். எடையில் மட்டும் ஏறக்குறைய 100 கிலோ தங்க நாணயங்கள். அருகிலிருந்த மாம்பலத்தின் பெயர் ஐரோப்பியர் வாயில் மார்மலாங் ஆகி, பாலத்துக்கு அந்தப் பெயரே நிலைத்தது. பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் அவர் அங்கே ஒரு கல்வெட்டும் வைத்தார். அதே காலத்தில் பரங்கிமலையின் நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகளும் அவர் செலவில் அமைந்தன.

பாலம் கட்டியதைவிட என் மனதைத் தொட்ட செய்தி இன்னொன்று உண்டு. பாலத்தைப் பராமரிப்பதற்கென்று அவர் தனியாக 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார்.

பங்குத்தந்தையாகப் பல ஊர்களில் பணியாற்றியவன் என்ற முறையில் இதன் அருமை எனக்குத் தெரியும். கெபி கட்டித்தர ஆள் உண்டு. கொடிமரத்துக்கு ஆள் உண்டு. குழல்விளக்கு கொடுத்தால்கூட, வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு உபயம் என்று பெயர் எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் ஆலயத்தின் கூரை ஒழுகினால், மழைநீர்க் கால்வாய் அடைத்தால், கழிப்பறைக் கதவு உடைந்தால், அதைச் சரிசெய்ய உபயதாரர் கிடைப்பதில்லை. பழுது பார்ப்பதில் யாருக்கும் கல்வெட்டு வைப்பதில்லை அல்லவா? தாம் இறந்தபின் ஒரு வெள்ளத்தில் கல் பெயரும், அன்று யாரோ ஒரு கொத்தனாருக்குக் கூலி கொடுக்கவேண்டியிருக்கும் என்று 1726-லேயே நினைத்துப் பார்த்த மனம் அரிது. தம் பெயருக்காக மட்டும் கொடுப்பவர் கல்வெட்டோடு நிறுத்திக்கொள்வார். மக்கள் கடந்துபோக வேண்டும் என்பதற்காகக் கொடுப்பவரே பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுப்பார்.

சோதனையின் நாட்கள்

செல்வம் ஒரு மனிதரிடம் இருக்கிறதா, ஒரு மனிதர் செல்வத்திடம் இருக்கிறாரா என்பது அதை இழக்கும் நாளில்தான் தெரியும். உஸ்கானுக்கு அந்த நாள் 1746 செப்டம்பரில் வந்தது.

ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மூண்ட போர் நம் கடற்கரைக்கும் வந்தது. லா பூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சென்னையைப் பிடித்தது. நகரைத் திருப்பித் தர 11 இலட்சம் வராகன் என்று விலை பேசப்பட்டது. அதற்குள் அக்டோபர் புயல் வந்து பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதறடித்தது. புதுச்சேரியின் ஆளுநர் துய்ப்ளே அந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து, நகரைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

சென்னையில் இருந்த உஸ்கானின் சொத்துகள் பறிமுதல் ஆயின. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். துய்ப்ளே அவரைப் புதுச்சேரிக்கு வந்து குடியேறும்படி அழைத்தார். இழந்த சொத்தைத் திரும்பப் பெற அது ஒரு வழியாக இருந்தது. உஸ்கான் மறுத்துவிட்டார்.

இந்த மறுப்பை எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் கத்தோலிக்கர்கள், ஆங்கிலேயர்கள் அல்லர். சமயத்தைக் காரணம் காட்டி அவர் தாராளமாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வணிகக் கணக்குப் பார்த்தாலும் வென்றவர் பக்கம் போவதே இலாபம். ஆனால் தமக்கு இடம் கொடுத்த ஊருக்கும், தம்மை நம்பித் தொழில் செய்தவர்களுக்கும் கொடுத்த வாக்கு அவருக்குப் பெரிதாக இருந்தது. ஜூல்பாவின் வணிகர் குடும்பத்தில் வளர்ந்தவருக்கு வாக்கு என்பதும் ஒரு நாணயம்தான். மற்ற நாணயங்களை யாரும் பறிமுதல் செய்யலாம். அதை மட்டும் நாமாகக் கொடுத்தால்தான் இழப்போம்.

1748-இல் ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டது. வட அமெரிக்காவில் தாங்கள் கைப்பற்றியிருந்த லூயிஸ்பர்க் கோட்டையை ஆங்கிலேயர் திருப்பித் தர, அதற்கு ஈடாகச் சென்னை 1749-இல் அவர்களிடம் வந்தது. இங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் கத்தோலிக்கர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். கோட்டைக்குள் கப்புச்சின் துறவியர் நடத்திய ஆலயம் பறிக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. கத்தோலிக்கர்களும் ஆர்மீனியர்களும் கோட்டைப்பகுதியில் வீடு வைத்திருக்கத் தடை வந்தது. எவருக்காகத் தம் செல்வத்தை இழந்தாரோ, அவர்களே தம் மக்களையும் தம் சமயத்தையும் தள்ளிவைப்பதை உஸ்கான் முதுமையில் கண்டார். உண்மையாய் இருந்ததற்கு உலகம் உடனே பரிசு கொடுத்துவிடுவதில்லை. அவருடைய இனத்தாருக்கும் சமயத்தாருக்கும் கிடைத்தது அதுதான்.

இதயம் ஓரிடம், உடல் ஓரிடம்

1751 சனவரி 15 அன்று உஸ்கான் சென்னையில் இறந்தார். வேப்பேரியில் அவர் எழுப்பியிருந்த புதுமைகளின் அன்னை சிற்றாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். தம் இதயத்தை மட்டும் ஜூல்பாவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே அது கடல் கடந்து, தம் முன்னோரின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. எத்தனையோ கப்பல்களில் எத்தனையோ பெட்டிகளை அனுப்பியவரின் கடைசிச் சரக்கு அது.

அவர் இறந்த அதே ஆண்டின் இறுதியில் போர் எங்கள் காஞ்சிபுரத்துக்கும் வந்தது. பிரெஞ்சுப் படை கோயிலைக் கோட்டையாக்கிக்கொள்ள, கிளைவின் படை அதை முற்றுகையிட்டு மீட்டது. தறிகள் நின்றன. வணிகர்களின் காலம் மெல்ல மறைந்து, வணிகர்களாக வந்தவர்கள் ஆள்பவர்களான காலம் தொடங்கியது. உஸ்கானைப் போன்றவர்கள் தங்கள் கப்பலில் தங்கள் கணக்கில் தொழில் செய்த உலகம் அதன்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. 1818-இல் வராகனும் விடைபெற்றது. சென்னை மாகாணத்தின் நாணயமாக ரூபாய் வந்தது.

அவர் கல்லறைக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 1752-இல் ஆங்கிலேயர்கள் வேப்பேரிச் சிற்றாலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து, லூத்தரன் மறைப்பணியாளர் பப்ரீசியுஸ் ஐயரிடம் கொடுத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய ஆலயத்தை இடித்திருந்தார்கள், அதற்கு ஈடாக இது. வேப்பேரியில் இருந்தபடி பப்ரீசியுஸ் தமிழ் மொழிக்கும் திருமறை மொழிபெயர்ப்புக்கும் செய்த தொண்டு பெரிது. 1779-இல் அவருடைய தமிழ் அகராதி அங்கேதான் அச்சானது. இன்று அவ்விடத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் தூய மத்தியாஸ் ஆலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் கத்தோலிக்கரான உஸ்கான் துயில்கிறார்.

ஒரு காலத்தில் இதை நினைத்து நாம் வருந்தியிருப்போம், சினம்கூடக் கொண்டிருப்போம். இன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரசீகத்தில் பிறந்த ஆர்மீனியர், உரோமைத் திருச்சபையின் மகன், ஆங்கிலேயரின் நகரில் வாழ்ந்தவர், இப்போது வேறொரு திருச்சபைச் சகோதரர்களின் விருந்தினராக ஓய்வெடுக்கிறார். பாலம் கட்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

நமக்கு ஒரு கேள்வி

பழைய மார்மலாங் பாலம் இன்று இல்லை. 1966-இல் அவ்விடத்தில் புதிய பாலம் எழுந்தது. மறைமலை அடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு அந்தப் பாலத்தையும் மூழ்கடிக்கப் பார்த்தது, போக்குவரத்து நின்றது. சில நாட்களுக்குச் சென்னை மக்கள், பாலம் இல்லாத காலத்தில் கரையில் நின்றவர்களின் நிலையை உணர்ந்தார்கள்.

உஸ்கானின் கப்பல்கள் எங்கே போயின? அவர் எண்ணிய வெள்ளி நாணயங்கள் எங்கே? எத்தனை முறை உருக்கப்பட்டு, யார் வீட்டுக் கொலுசாக இன்று இருக்கின்றனவோ! நிலைத்திருப்பவை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாதவை மட்டுமே. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனின் கதையை ஆண்டவர் நமக்குச் சொல்லியிருக்கிறார். அந்தச் செல்வனிடம் குறைந்திருந்தது தானியம் அல்ல, தன் களஞ்சியத்துக்கு வெளியே பார்க்கும் கண்.

நம்மிடம் 30,000 வராகன் இல்லை. ஆனால் நம் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஓடும் ஆறுகள் உண்டு. சகோதரர்கள் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் கரையிலேயே நிற்கும் பிள்ளைகள் உண்டு. சேலைக்குப் பேரம் பேசும்போது அதை நெய்த கைகளை நாம் நினைப்பதுண்டா? நன்கொடை கொடுக்கும்போது பெயர்ப் பலகைக்குக் கொடுக்கிறோமா, பழுது பார்க்கக் கொடுக்கிறோமா?

படிகளை எண்ணிய அந்த முதியவர் இப்போது நம்மிடையே இல்லை. கடைசியாக எங்களோடு மலைக்கு வந்த ஆண்டில் அவரால் எண்ண முடியவில்லை. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நடுவில் ஒரு படியில் நின்று, குனிந்து, அந்தக் கல்லைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாருக்கு நன்றி சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கட்டியவருக்காக இருக்கலாம், கல்லைச் சுமந்தவர்களுக்காகவும் இருக்கலாம்.

அடுத்த முறை பரங்கிமலை ஏறும்போது நீங்களும் ஒரு படியில் சற்று நில்லுங்கள். அந்த வணிகருக்காகவும், அவருடைய செல்வத்துக்கு உழைத்து முகம் தெரியாமல் போனவர்களுக்காகவும் ஒரு சிறு செபம் சொல்லுங்கள். பிறகு மேலே ஏறுங்கள். அன்னை காத்திருக்கிறாள்.